ஒற்றைச் சொல் குருவியின் ஊர்

எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு காலி மனை இருக்கிறது. மாடம்பாக்கம் ஏரிக்குப் போகிற வழியில், இரண்டு மாடி வீடுகளுக்கு நடுவே, பதினைந்து வருடமாக யாரும் கை வைக்காத இரண்டு கிரவுண்டு. உள்ளே ஒரு கொடுக்காப்புளி மரம், ஒரு நுணா, அவற்றைச் சுற்றி உன்னிச்செடியும் வேலிப்பருத்தியும் பின்னிக்கொண்டு இடுப்புயரத்துக்கு மண்டிக் கிடக்கும். செப்டம்பர் கடைசியில் ஏதோ ஒரு விடியற்காலையில் அந்தப் புதருக்குள்ளிருந்து 'சக்' என்று ஒரு சத்தம் வரும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் 'சக்'. அவ்வளவுதான். அன்றிலிருந்து ஏப்ரல் வரைக்கும் அந்த மனை அதற்குச் சொந்தம்.

பிளைத் நாணல் கதிர்க்குருவி என்பது அதன் பெயர். சிட்டுக்குருவியைவிட ஒல்லி. முதுகு மங்கலான பழுப்பு, வயிறு அழுக்கு வெள்ளை, கண்ணுக்கு மேல் ஒரு வெளிர் கோடு. அந்தக் கோடும் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். கொண்டை, பட்டை, புள்ளி என்று அடையாளம் சொல்ல ஒன்றுமே கிடையாது. பறவை பார்க்கப் புதிதாக வருகிறவர்கள் மீன்கொத்தியையும் மாங்குயிலையும் பார்த்துப் பூரித்துவிட்டு இதைக் கடந்து போய்விடுவார்கள். எனக்கு எல்லாப் பறவைகளிலும் இதுதான் பிடிக்கும். முப்பது வருடத்துக்கு மேலாகப் பிடிக்கும்.

அந்தப் பிரியம் தொடங்கியது தாம்பரம் சானடோரியத்தில். 1928 இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை அது. பிறகு அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை ஆனது. அங்கே நான் செவிலியராக இருந்தேன். நல்ல காற்றே பாதி மருந்து என்று நம்பிய காலத்தில் உருவான இடம் என்பதால் வளாகமெங்கும் மரமும் வேலியும் புதருமாக இருக்கும். இரவுப் பணி முடியப்போகிற நேரத்தில், ஐந்தரை ஆறு மணிக்கு, காலை மருந்துத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே அந்தச் சத்தம் கேட்கும். ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை மூடும்போது அதன் பற்கள் ஒன்றையொன்று கவ்விப் பூட்டிக்கொள்ளுமே, அந்த 'சக்'. முதல் சில நாள், பக்கத்து அறையில் யாரோ கருவிகளை எடுத்து வைக்கிறார்கள் என்றே நினைத்தேன். ஒரு நாள் ஜன்னலோரம் போய் நின்றேன். புதருக்குள் ஓர் இலை மட்டும் அசைந்தது. பிறகு இலைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பழுப்பு முகம் எட்டிப் பார்த்தது. உடன் வேலை பார்த்த மருத்துவர் ஒருவர் சாலிம் அலியின் பறவைப் புத்தகத்தைக் கொடுத்து உதவினார். பெயரைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு குளிர்காலம் ஆயிற்று.

பெயர் தெரிந்த பிறகு போகிற இடமெல்லாம் அது இருந்தது. 1937 இல் தாம்பரத்துக்குக் குடிவந்த கிறித்துவக் கல்லூரியின் 365 ஏக்கர் புதர்க்காட்டில், நன்மங்கலத்தில், வண்டலூரில், மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலை ஒட்டிய வேலிகளில் என்று நான் கேட்காத இடமில்லை. அந்தக் கோயிலின் விமானம் சோழர் காலத்துத் தூங்கானை மாடம். படுத்திருக்கும் யானையின் முதுகுபோல வளைந்திருக்கும். பிரகாரத்தில் நின்று அதைப் பார்க்கிற மார்கழி விடியலிலும் மதிலுக்கு அப்பாலிருந்து 'சக்' வரும். குளிர்காலத்தில் இந்தக் குருவிகள் கூட்டம் சேர்வதில்லை. ஒவ்வொன்றும் ஒரு புதரைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றை அண்ட விடாமல் தனியாகவே வாழும். 'இது என் இடம்' என்பதுதான் அந்த ஒற்றைச் சொல்லின் பொருள் என்று வருடக்கணக்காகக் கேட்டுப் புரிந்துகொண்டேன்.

அதற்கு மேல் ஒன்று இருக்கிறது என்பதை ஓர் ஏப்ரல் மாதம் காட்டியது. பணி ஓய்வு பெற்ற அடுத்த வருடம். கொடுக்காப்புளி பழுத்து வெடித்துக் கிடந்த காலம். காலையில் மனைப் பக்கம் நின்றபோது புதருக்குள் யாரோ தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல ஒரு முணுமுணுப்பு. சீழ்க்கையா கீச்சலா என்று பிரிக்க முடியாத அளவுக்கு மெல்லிய ஒலி, நடுநடுவே 'சக்'. இரண்டு நிமிடம்கூட நீடிக்கவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்குக் கொஞ்சம் கேட்டது. மூன்றாம் நாள் இல்லை. நான்காம் நாள் 'சக்' என்பதும் இல்லை. பறவை கிளம்பிவிட்டது. ஊருக்குப் போவதற்கு முன்னால் பாட்டை எடுத்துச் சரிபார்த்துக்கொண்டு போயிருக்கிறது. முழுப் பாட்டு எப்படி இருக்கும் என்ற நினைப்பு அன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டது.

இந்தக் குருவிக்குப் பெயர் தந்தவர் எட்வர்ட் பிளைத். லண்டனில் பிறந்து, 1841 இல் கல்கத்தாவுக்கு வந்து, ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகத்தை இருபது வருடத்துக்கு மேல் கவனித்துக்கொண்டவர். டார்வினோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். 1849 இல் இந்தப் பறவையை விவரித்து, அதன் அறிவியல் பெயரில் 'துமெதோரும்' என்ற லத்தீன் சொல்லைச் சேர்த்தார். புதர்களுக்குரியது என்று அர்த்தம். முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் ஊர்களோ வெகு தொலைவில், ஃபின்லாந்தில் தொடங்கி ரஷ்யா வழியாக சைபீரியா வரைக்கும் நீளுகின்றன. குளிர் தொடங்குமுன் அங்கிருந்து கிளம்பி, இமயமலையைச் சுற்றிக்கொண்டு வடமேற்கு வழியாக இந்தியாவுக்குள் இறங்கி, நம் வேலிகளுக்கு வந்து சேரும். மாடம்பாக்கத்திலிருந்து கிழக்கு ஃபின்லாந்துக்கு நேர்கோடு போட்டாலே ஏறக்குறைய 6,700 கிலோமீட்டர். பறவை சுற்றி வருகிற வழி அதைவிட அதிகம். அதன் எடை ஏறக்குறைய 12 கிராம். 10 மில்லி சிரிஞ்சு நிறையத் தண்ணீரும் அதற்கு மேல் இரண்டு மில்லியும், அவ்வளவுதான். பறப்பது பெரும்பாலும் இரவில்.

சத்திமுத்தப் புலவர் வடக்கே போகும் நாரையிடம் தன் ஊரில் இறங்கி மனைவிக்குச் சேதி சொல்லச் சொன்னார். பள்ளியில் படித்தபோது அது கற்பனை என்று நினைத்தேன். வலசை என்ற ஒன்றைத் தமிழன் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறான் என்பது பறவை பார்க்கத் தொடங்கிய பிறகே விளங்கியது. நான் சேதி எதுவும் சொல்லி அனுப்பவில்லை. நானே போய்விட முடிவு செய்தேன்.

மகள் ஹெல்சிங்கியை ஒட்டிய எஸ்போவில் வேலை பார்க்கிறாள். எங்கள் பக்கத்தில் ஃபின்லாந்து என்ற பெயர் ரொம்ப அந்நியம் இல்லை. 2006 இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை வந்தபோது அங்கே வேலைக்குப் போன பிள்ளைகள் எங்கள் வட்டாரத்திலும் இருந்தார்கள். அந்த நோக்கியாவின் தலைமையகம் எஸ்போவில். "ஆகஸ்ட்ல வாங்கம்மா, பெர்ரி பழமெல்லாம் இருக்கும்" என்று மகள் சொன்னாள். மே கடைசியில்தான் வருவேன் என்றேன். அந்தக் குருவி அங்கே வந்து இறங்குவது மே கடைசியில். ஆண் பறவை இரவெல்லாம் பாடுவது ஜோடி சேரும்வரை மட்டும். ஜூன் பாதிக்குப் பிறகு போனால் பாட்டு ஓய்ந்துவிடும்.

ஹெல்சிங்கியிலிருந்து யோயென்சூவுக்குப் போகும் ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து, ரஷ்ய எல்லையை ஒட்டிய பரிக்கலா என்ற சிற்றூரில் இறங்கினோம். வழியெல்லாம் காடு, ஏரி, மறுபடி காடு. பிர்ச் மரங்கள் சுண்ணாம்பு அடித்த கம்பங்கள்போல வெள்ளையாக நிற்க, அவற்றின் இலைகள் அன்றைக்குத்தான் விரிந்தவைபோல இளம்பச்சையாக இருந்தன. எங்கள் ஊரில் வசந்தம் என்றால் வேப்பம்பூவும் புங்கம்பூவும் தெருவில் உதிர்வதுதான் அடையாளம். மரமெல்லாம் மாதக்கணக்கில் மொட்டையாக நின்று பழக்கமில்லை. இங்கே ஆறேழு மாதம் பனிக்கும் குளிருக்கும் அடங்கிக் கிடந்த மண் ஒரே மாதத்தில் எழுந்துகொள்கிறது. ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு மரத்தில் வெள்ளைப் பூ கொத்துக்கொத்தாகத் தொங்கியது. துவோமி என்று பெயர் சொன்னார்கள். வேப்பம்பூ காலத்தில் தெருவில் வருகிற வாசனையோடு தேனைக் கலந்ததுபோல ஒரு கனத்த மணம். அங்கே தங்கிய மூன்று நாளும் அந்த மணம் எங்களோடு இருந்தது.

மகளோடு வேலை பார்க்கிறவரின் அம்மா அங்கே இருக்கிறார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது வயது, தினம் சைக்கிளில் போகிறவர். அவர் வீட்டில்தான் தங்கினோம். வந்ததும் சூடாக ஒரு பலகாரம் வைத்தார். ரை என்ற தானிய மாவில் மெல்லிய தோல் செய்து, படகுபோல ஓரம் மடித்து, நடுவே குழைந்த அரிசிக் கஞ்சியை நிரப்பி அடுப்பில் சுட்டது. மேலே வெண்ணெயில் மசித்த முட்டை. அந்தக் கரேலியப் பகுதியின் பலகாரம் அது. நெல் விளையாத ஊரில் விசேஷத் தின்பண்டத்துக்கு உள்ளே அரிசி. நான் ரசித்துச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு வைத்தார்.

"எந்தப் பறவைக்காக இவ்வளவு தூரம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். படத்தைக் காட்டினேன். "வீத்தகெர்த்துனென்" என்றார். வீத்த என்றால் புதர்க்காடு என்று விளக்கினார். நான் லத்தீன் பெயரின் பொருளைச் சொன்னேன். கல்கத்தாவில் இருந்தவருக்கும் ஃபின்லாந்துக்காரர்களுக்கும் இந்தக் குருவியிடம் முதலில் கண்ணில் பட்டது புதர்தான்.

அன்று இரவு பதினொன்றரைக்குக் கிளம்பினோம். இரவு என்று சொல்வது பழக்கத்தால். பத்தரைக்குத்தான் சூரியன் இறங்கியிருந்தது. மூன்றரைக்கு மறுபடி வந்துவிடும். நடுவே இருட்டே வருவதில்லை. விளக்கு ஏற்றும் நேரத்தில் நம் வீட்டு வாசலில் இருக்குமே ஒரு நீல வெளிச்சம், அது மணிக்கணக்காக நகராமல் நிற்கிறது. கையிலிருந்த குறிப்பேட்டை விளக்கில்லாமல் படிக்க முடிந்தது. முப்பது வருடம் இரவுப் பணி செய்தவள் நான். எல்லோரும் தூங்கும் நேரத்தில் விழித்திருந்து, மூச்சையும் இருமலையும் வைத்தே யார் எப்படி இருக்கிறார்கள் என்று அறிகிற காது எனக்கு உண்டு. அந்தக் காதோடு இப்படியொரு இரவுக்குள் நடப்பேன் என்று எண்ணியதில்லை.

சீக்கலஹ்தி என்பது சிம்பெலெ ஏரியின் ஒரு விரிகுடா. நாணல் அடர்ந்த, பறவைகளுக்குப் பேர்போன இடம். வயல்களின் மேல் முழங்காலளவுக்குப் பனி படர்ந்திருந்தது. குளிர் எட்டு டிகிரி. அந்த அம்மா தந்த கம்பளித் தொப்பியை மகள் என் காதுக்கு மேல் இழுத்துவிட்டாள். கேட்க முடியாது என்று நான் கழற்றிவிட்டேன். நாணலுக்குள் ஒரு குருகு, காலிப் பானையின் வாயில் ஊதியதுபோல 'பூம்' என்றது. வயலில் காடை இனத்தைப் போன்ற ஒன்று, சீப்பின் பற்களைக் கட்டை விரலால் இழுப்பதுபோலச் சளைக்காமல் கத்தியது. குயிலினத்தைச் சேர்ந்த ஒன்று தூரத்தில் இரண்டு சுரம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. ஏரிக்கரை மரங்களிலிருந்து ஒரு பறவை உரத்த குரலில் கொட்டித் தீர்த்தது.

"அது சத்தகியெலி" என்றார் அம்மா. நைட்டிங்கேல் இனம். "சத்த என்றால் நூறு. கியெலி என்றால் நாக்கு. நூறு நாக்குக்காரி." சத்த என்றால் நூறா என்று மறுபடி கேட்டேன். நம் சதம்தான் அது. ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் இந்தோ ஈரானிய மொழி பேசியவர்களிடமிருந்து ஃபின்னிய மொழியின் மூதாதையர் எடுத்துக்கொண்ட சொல் என்று மொழியறிஞர்கள் சொல்கிறார்கள். சமஸ்கிருதம் வழியாக எங்கள் சதாபிஷேகத்துக்கு வந்த அதே சொல், எதிர்த்திசையில் போய் இந்த ஏரிக்கரையில் ஒரு பறவையின் பெயருக்குள் உட்கார்ந்திருக்கிறது. நின்று அந்தச் சொல்லை நானும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

மணி ஒன்று. சாலை திரும்புகிற இடத்தில், உழவு விட்டுப்போன பழைய வயல் ஒன்றில் இளம் பிர்ச் செடிகளும் காட்டு ராஸ்பெர்ரியும் தொட்டால் எரிகிற செந்தட்டி போன்ற ஒரு செடியும் மண்டியிருந்தன. அம்மா கையை உயர்த்தினார். நின்றோம்.

முதலில் ஒரு சீழ்க்கை. மூன்று படியாக மேலே ஏறியது, 'லோ, லியூ, லீயா'. நிறுத்தம். மறுபடி அதே மூன்று படி. மறுபடியும். பிறகு வேறொன்று, கண்ணாடிக் கிண்ணத்தைத் தட்டியதுபோல. அதையும் மூன்று முறை, நான்கு முறை. பிறகு தகைவிலானின் கீச்சல். பிறகு பட்டாணிக்குருவியின் இரண்டு சுரம். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, திருப்பிப் பார்த்து, திருப்தியான பிறகே அடுத்ததுக்குப் போனது. கச்சேரியில் ஒரே அடியை எடுத்துக்கொண்டு சங்கதி சங்கதியாக வளர்க்கிறவரைப் போல அவசரமே இல்லாத பாட்டு. "திருப்பிச் சொல்கிறதா, கவனியுங்கள். அதுதான் அடையாளம்" என்று அம்மா காதருகே சொன்னார்.

எனக்கு அடையாளம் அதற்கு முன்னமே கிடைத்திருந்தது. ஒரு சங்கதிக்கும் அடுத்த சங்கதிக்கும் நடுவே அது சொன்னது 'சக், சக்'.

அதே ஃபோர்செப்ஸ். அதே சானடோரியத்து ஜன்னல். எங்கள் காலி மனை. அவ்வளவு அழகான பாட்டுக்கு நடுவே, மூச்சு வாங்குகிற இடத்தில், எங்கள் ஊரில் ஏழு மாதம் சொன்ன சொல்லைச் சொல்லிவிட்டு மறுபடி பாட்டுக்குப் போகிறது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகள் பயந்து, "என்னம்மா, குளிருதா?" என்றாள். "நம்ம குருவிடி" என்றேன். வேறெதுவும் சொல்ல வரவில்லை.

ஒன்றரை மணிநேரம் அங்கேயே நின்றோம். பாடுகிறவனை ஒரு தடவை பார்த்தேன். இரண்டு ஆள் உயர பிர்ச்சின் நுனியில், மறைவே இல்லாமல், தொண்டை புடைக்க, வாயின் உட்புறம் தெரியத் திறந்து பாடினான். மாடம்பாக்கத்தில் முப்பது குளிர்காலத்திலும் இலைக்குப் பின்னாலிருந்து அரை முகம் மட்டுமே காட்டியவன். ஒளிந்து வாழ்கிற பிறவி என்று நினைத்திருந்தேன். தன் ஊரில் இப்படி உச்சியில் ஏறி நிற்பான் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். நான் பார்த்தது எங்கள் மனைக்கு வருகிற அதே பறவை என்று சொல்லமாட்டேன். அதன் இனம் பரந்து கிடக்கிறது. ஆனால் அந்த இரவு அங்கே பாடிய இந்த இனத்துக் குருவி ஒவ்வொன்றும் தன் குளிர்காலத்தை நம் துணைக்கண்டத்து வேலி ஒன்றில் கழித்துவிட்டு வந்தது என்பது ஏறக்குறைய உறுதி.

இரண்டு வயல் தள்ளி இதன் பங்காளி ஒன்று பாடியது. சதுப்பு நாணல் கதிர்க்குருவி. இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தால்கூடப் பிரிப்பது கஷ்டம், காதால் பிரித்துவிடலாம். அது மூச்சு விடாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டுகிறது. குளிர்காலத்துக்கு அது போவது ஆப்பிரிக்காவுக்கு. பிரான்சுவாஸ் டவுசெட்-லெமேர் என்ற ஆய்வாளர் அதன் பாட்டை ஒலிப்பதிவு செய்து பிரித்துப் பார்த்து 1979 இல் எழுதினார். ஒரு பறவை சராசரியாக 76 இனங்களின் குரலைப் போலச் செய்கிறது. அவற்றில் ஏராளமானவை ஆப்பிரிக்கப் பறவைகளின் குரல். ஐரோப்பாவில் நின்று அந்தப் பாட்டைக் கேட்டாலே அது குளிர்காலத்தை எங்கே கழித்தது என்று தெரிந்துகொள்ளலாம். அதை அறிந்த நாளிலிருந்து எனக்குள் ஓர் ஆசை இருந்தது. எங்கள் குருவியின் பாட்டுக்குள் எங்கேயாவது ஒரு தையல்சிட்டு, ஒரு தவிட்டுக்குருவி ஒலிக்காதா என்று. மூன்று இரவும் அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கேட்டதெல்லாம் அந்த ஊர்ப் பறவைகளின் குரல்களே. எனக்குக் குறையில்லை. நடுவே வந்த 'சக்' போதும்.

விடிந்த பிறகு (விடியல் என்பது அங்கே மூன்று மணிக்கே) அந்தப் பழைய வயலின் ஓரத்தில் உட்கார்ந்து ஃபிளாஸ்கில் கொண்டு வந்த காபியைக் குடித்தோம். இதன் பெண் பறவை அந்த எரிகிற செடிகளுக்குள், தரையை ஒட்டி, தண்டுகளைச் சேர்த்துக் கட்டிக் கிண்ணம்போலக் கூடு பின்னும் என்று அம்மா சொன்னார். நான்கைந்து முட்டை. ஆகஸ்டில் கிளம்பிவிடும். "உங்கள் ஊரில் அது என்ன செய்யும்?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன். தனியாக இருக்கும், புதருக்குள்ளேயே புழுவும் எறும்பும் பொறுக்கும், பாடாது, இதை மட்டும் சொல்லும் என்று நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்து 'சக்' என்று காட்டினேன். மறுபடி செய்யச் சொன்னார். அவரும் செய்து பார்த்தார். ஐம்பது வருடமாக ஒவ்வொரு ஜூனிலும் இந்தப் பாட்டைக் கேட்டவர் அவர். பாட்டு நின்ற பிறகு இந்தக் குருவி எப்படி வாழ்கிறது என்று சொல்ல அன்றுவரை அவருக்கு ஆளில்லை. மாதக் கணக்குப் பார்த்தோம். ஃபின்லாந்தில் இரண்டரை மாதம். நம் பக்கம் ஏழு மாதம். மீதி வழியில். "அப்படியென்றால் இது உங்கள் பறவை, எங்களிடம் விருந்துக்கு வருகிறது" என்றார். அங்கே பிறப்பதால் அது அவர்களுடைய பெண், எங்களிடம் வாக்கப்பட்டு வருகிறது என்றேன். அதை மகள் மொழிபெயர்த்துச் சொன்னபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வயல் ஏன் இப்படி விட்டுக்கிடக்கிறது என்று கேட்டேன். முன்பு மாடு மேய்ந்த நிலம், இப்போது யாரும் வைத்துக்கொள்ளவில்லை, மரமாக வளர்ந்துகொண்டிருக்கிறது என்றார். கடந்த நூற்றாண்டில்தான் இந்தப் பறவை ரஷ்யாவிலிருந்து மேற்கே நகர்ந்து ஃபின்லாந்தில் நிலைகொண்டது. அது கேட்பது பெருங்காடு இல்லை, வெட்டவெளியும் இல்லை. மனிதர்கள் கை எடுத்துவிட்ட, இடுப்புயரப் புதர். அதைக் கேட்டதும் எனக்கு எங்கள் தெருக்கோடிதான் நினைவுக்கு வந்தது. கோயிலையும் ஏரியையும் காப்பாற்ற வேண்டும் என்றால் நம் ஊரில் யாருக்கும் புரியும். புதரைக் காப்பாற்ற வேண்டும் என்றால் எப்படிப் புரியவைப்பது? புதர் என்றால் நமக்குக் குப்பை, பாம்பு, கொசு. ஆனால் 6,700 கிலோமீட்டர் பறந்து வருகிறவனுக்கு இரண்டு முனையிலும் வீடு அதுதான்.

ஜூலையில் ஊர் திரும்பினேன். மாடம்பாக்கம் 2021 இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு காலி மனைகள் மளமளவென்று குறைந்துவருகின்றன. ஆகஸ்டில் எதிர்வீட்டுத் தம்பி வந்து நின்றார்.

"சிஸ்டர், அந்த மனைல பாம்பு வருதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஓனர்கிட்ட பேசிட்டேன். ஜேசிபி வெச்சு சுத்தம் பண்ணிடலாம்னு சொல்லிட்டார். உங்க பங்கும் கொஞ்சம் குடுத்தீங்கன்னா..."

பரிக்கலாவில் என் செல்பேசியில் எடுத்திருந்த ஒலிப்பதிவை அவருக்குப் போட்டுக் காட்டினேன். வாசல் திண்ணையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கேட்டார். இந்தக் குருவியா நம்ம மனைல இருக்கு என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு நாங்கள் இருவரும் போய் அளந்து பார்த்தோம். தெருவை ஒட்டிய பாதியைச் சுத்தம் செய்வது, வீடுகளை ஒட்டி நான்கடி இடைவெளி விடுவது, பின்பக்கம் கொடுக்காப்புளியைச் சுற்றியுள்ள புதரைத் தொடாமல் விடுவது என்று முடிவாயிற்று. மனைக்காரர் என்றைக்காவது வீடு கட்டத்தான் போகிறார். அது அவர் நிலம். அதனால் ஏரிக்கரையை அழகுபடுத்தும் பேச்சு வரும்போதெல்லாம் நடைபாதைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் புதரை விட்டுவையுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இருக்கும்வரை கேட்பேன்.

வார்டில் டெம்பரேச்சர் சார்ட் எழுதிய பழக்கத்தில் பறவைக் குறிப்பையும் நேரம் போட்டே எழுதுவேன். இந்த வருடத்துப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: செப்டம்பர் 27, காலை 5.50. கொடுக்காப்புளிக்குக் கீழே. சக்.

அதற்கடுத்த வரியைப் போன வருடம்வரை நான் எழுதியதில்லை. ஒரு 'சக்'குக்கும் அடுத்ததுக்கும் நடுவே எட்டு, பத்து விநாடி எதுவும் இருக்காது. இத்தனை வருடமும் அடுத்த சத்தத்துக்காகக் காத்திருக்கிற நேரமாகவே அதைக் கழித்தேன். அன்று காலை, பால்காரர் வண்டி போய் அடங்கிய பிறகு, அந்த விநாடிகளில் பரிக்கலாவின் மூன்று படிச் சீழ்க்கை எந்த இடத்தில் வந்து உட்காரும் என்று எனக்குத் தெரிந்தது. மறுபடி 'சக்' என்றது. இடைவெளி பத்து விநாடி என்று எழுதிக்கொண்டேன்.